தூணும் குதிரும்

கன்று போட்டு ஒரு நாள்கூட முழுதாக ஆகியிருக்காது. நேற்றுச் சாயங்காலம் கன்றை நக்கிக் கொடுத்துக்கொண்டு நின்ற பசு, விடிகாலையில் பார்த்தால் தொழுவத்தில் படுத்துக் கிடக்கிறது. கழுத்தை மடக்கித் தலையை விலாப்பக்கம் சாய்த்திருக்கிறது. மூக்கு காய்ந்திருக்கிறது, காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. தட்டி எழுப்பினால் எழ முயல்கிறது, கால்கள் தாங்கவில்லை. கறவை மாடு வைத்திருப்பவர்களில் பலர் இந்தக் காட்சியின் முன்னால் ஒருமுறையாவது கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். காய்ச்சல் என்ற சொல் எப்படியோ ஒட்டிக்கொண்டது. உண்மையில் மாட்டின் உடம்புச் சூடு பெரும்பாலும் குறைந்துதான் போயிருக்கும்.

கால்நடை மருத்துவர் வருகிறார். கழுத்துச் சிரையில் ஊசியைச் செருகி, கால்சியம் கரைசலை மெல்ல மெல்ல ஏற்றுகிறார். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும் என்பதால் நெஞ்சொலியைக் கேட்டுக்கொண்டே ஏற்றுகிறார். பாட்டில் தீரும் முன்பே மாட்டின் தோலுக்கடியில் ஒரு நடுக்கம் ஓடுகிறது. ஏப்பம் விடுகிறது, சாணி போடுகிறது. பிறகு பின்புறத்தைத் தூக்கி, முன்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்றுவிடுகிறது. செத்துப் பிழைத்தது என்று வீட்டார் சொல்வதில் மிகையில்லை. கவனிக்காமல் விட்டிருந்தால் பாதி நாளிலோ ஒரு நாளிலோ செத்தே போயிருக்கும்.

அந்தப் பசுவுக்குக் குறைந்துபோனது சில கிராம் கால்சியம். பெரிய கறவைப் பசு ஒன்றின் உடலில் ஓடும் இரத்தத்தின் திரவப் பகுதியில் ஏறக்குறைய 3 கிராம் கால்சியம்தான் இருக்கிறது. தசை சுருங்குவதற்கும், நரம்பின் செய்தி தசைக்குப் போய்ச் சேர்வதற்கும், இதயம் துடிப்பதற்கும் அந்த 3 கிராம் வேண்டும். 10 லிட்டர் சீம்பாலில் மட்டும் 20 கிராமுக்கு மேல் கால்சியம் வெளியேறிவிடும். ஆக, இரத்தம் வறண்டுபோவது புரிகிறது. புரியாதது வேறொன்று. அதே பசுவின் எலும்புகளில் 7, 8 கிலோ கால்சியம் இருக்கிறது. குதிர் நிறைய நெல் இருக்கும் வீட்டில் ஒருவர் பட்டினியால் மயங்கி விழுவது எப்படி?

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எலும்பு என்ன பொருள் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பசு எழுந்து கன்றைத் தேடட்டும். நாம் பிறகு அதனிடம் திரும்பி வருவோம்.

எலும்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது செத்த எலும்பு. வெளுத்தது, காய்ந்தது, உயிரியல் ஆய்வகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் தொங்குவது. எலும்புக்கூடு என்ற சொல்லிலேயே பறவை பறந்துபோன பின் மிஞ்சும் வெறுங்கூட்டின் சாயல் இருக்கிறது. உயிருள்ள எலும்பு அப்படி இருப்பதில்லை. அது ஈரமானது, இளஞ்சிவப்பானது, வெட்டினால் இரத்தம் கசிவது. அதன் குறுக்கும் நெடுக்கும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அதன் உள்ளே மஜ்ஜை நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் இரத்தச் சிவப்பணுக்களைப் பெற்றுத் தள்ளிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகம் எவ்வளவு பாஸ்பேட்டை வெளியேற்ற வேண்டும் என்று கட்டளையிடும் ஹார்மோன் ஒன்றும் எலும்பிலிருந்துதான் புறப்படுகிறது.

சமையலறையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கோழிக்கால் எலும்பு இரண்டைச் சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வினிகரில் போட்டு, இரண்டு நாளுக்கொருமுறை வினிகரை மாற்றி, ஒரு வாரம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் எலும்பின் வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பரைப் போல வளையும். இன்னொன்றை அடுப்புத் தணலில் போட்டு வெளுக்கும் வரை சுட்டு எடுங்கள். அதுவும் வடிவம் மாறாமல்தான் இருக்கும், ஆனால் விரலால் அழுத்தினால் உதிர்ந்துவிடும். முதல் எலும்பில் அமிலம் தாது உப்பைக் கரைத்துவிட்டது. மிஞ்சியது கொலாஜன் என்ற புரத நார். இரண்டாவதில் நெருப்பு நாரைத் தின்றுவிட்டது. மிஞ்சியது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தத் தாதுதான். நசுக்கும் சுமையைத் தாது தாங்குகிறது, இழுக்கும் விசையை நார் தாங்குகிறது. கான்கிரீட்டும் முறுக்குக் கம்பியும் சேர்ந்து நிற்பது போல என்று பாடப்புத்தகங்கள் சொல்வது சரிதான். ஆனால் கான்கிரீட் தூண் தன்மேல் ஏறும் சுமையைப் பார்த்துத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்வதில்லை. எலும்பு கட்டிக்கொள்கிறது.

அதைக் கண்டுகொண்ட கதைக்கு சூரிச் நகரத்துக்குப் போக வேண்டும். 1866 வாக்கில் அங்கே ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறு அறிஞர், நெடுக்காக அறுத்த மனிதத் தொடை எலும்பின் தலைப்பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் உள்ளே பஞ்சு போன்ற எலும்பு இருக்கும். அந்தப் பஞ்சின் மெல்லிய கம்பிகள் தாறுமாறாகக் கிடக்கவில்லை, வளைந்த கோடுகளாக ஒழுங்காக ஓடின. அவற்றைப் பார்த்த கார்ல் குல்மன் ஒரு பொறியியலாளர், பாலங்களுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் விசைக் கணக்குப் போடுபவர். வளைந்த பாரந்தூக்கி ஒன்று சுமை ஏற்றும்போது அதன் உடம்பில் அழுத்தமும் இழுவையும் எந்தக் கோடுகளில் ஓடும் என்று தாம் காகிதத்தில் வரைந்த அதே கோடுகளை அவர் எலும்புக்குள் பார்த்தார். இரண்டு துறைகளைச் சேர்ந்தவர்கள் ஒரே மேசையின் முன் நின்றதால் மட்டுமே நடந்த கண்டுபிடிப்பு இது. 1892ஆம் ஆண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப், சுமை மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் மாறும் என்று ஒரு விதியாகவே எழுதினார். கணிதம் போலத் துல்லியமாக அது நடக்கும் என்று அவர் நம்பியது பிற்காலத்தில் நிற்கவில்லை. எலும்பு கணக்குப் போடுவதில்லை. தன் செல்களின் பேச்சைக் கேட்கிறது. ஆனால் எலும்பு சுமைக்குப் பதில் சொல்கிறது என்ற அவருடைய அடிப்படைப் பார்வை இன்றும் நிற்கிறது.

அந்தச் செல்கள் மூன்று வகை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பவை எலும்பைத் தின்பவை. எலும்பின் மேல் அட்டைபோல ஒட்டிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைத்து, நாரையும் செரித்துக் குழி பறிக்கும். அந்தக் குழிக்கு ஆஸ்டியோபிளாஸ்ட்கள் வந்து புதிய எலும்பைப் பூசி நிரப்பும். இடிக்க இரண்டு மூன்று வாரம். கட்ட மூன்று நான்கு மாதம். கட்டும்போது தாங்கள் பூசிய காரைக்குள்ளேயே சில செல்கள் மூழ்கிப்போகின்றன. அவைதான் மூன்றாவது வகையான ஆஸ்டியோசைட். எலும்பெங்கும் ஆயிரக்கணக்கான கோடிகளாக அவை சிறைப்பட்டிருக்கின்றன. தலைமுடியைவிட மெல்லிய கால்வாய்களின் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நாம் ஓர் அடி எடுத்து வைத்தால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது, கால்வாய்களில் உள்ள நீர் அசைகிறது, அந்த அசைவை இந்தச் செல்கள் உணர்கின்றன. எங்கே பாரம் மிகுதி, எங்கே குறைவு, எங்கே நுண்ணிய விரிசல் விட்டிருக்கிறது என்ற செய்தி அவற்றிடமிருந்துதான் இடிப்பவருக்கும் கட்டுபவருக்கும் போகிறது. இப்படியே வயதுவந்த மனித எலும்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. பத்தாண்டுக்கு முன் நீங்கள் நடந்த எலும்பில் பெரும்பகுதி இப்போது உங்களிடம் இல்லை.

டென்னிஸ் வீரர்களின் மட்டை பிடிக்கும் கையில் மேற்கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். எதிர்ப்பக்கம், விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களின் இடுப்பிலும் தொடையிலும் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு எலும்பு கரைந்துபோகிறது. அங்கே சுமை இல்லை, ஆகவே தூண் எதற்கு என்று உடல் முடிவு செய்துவிடுகிறது. நோயில் மாதக்கணக்காகப் படுத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். ஆகவேதான் மருத்துவர்கள் அவர்களைக் கூடிய சீக்கிரம் எழுப்பி நிறுத்தப் பார்க்கிறார்கள்.

தூணாக நிற்பதில் ஒரு கண்டிப்பான கணக்கும் உண்டு. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் அதை எடுத்துக்காட்டினார். ஒரு விலங்கை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே பெரிய விலங்கு சிறிய விலங்கின் அச்சு நகலாக இருக்க முடியாது. யானையின் கால்களைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். நாயின் கால் மடங்கி நிற்கும், யானையின் கால் கோயில் மண்டபத்துத் தூண்போல நேராக நிற்கும். நம் தொடை எலும்பின் நடுவில் குழாய்போல ஓர் இடைவெளி உண்டு. யானையின் கால் எலும்பில் அந்த வெற்றிடம்கூட இல்லை, பஞ்செலும்பால் நிறைந்திருக்கிறது. அத்தனை செய்தும் யானையால் துள்ள முடியாது.

இதுவரை சொன்னது தூணின் கதை. ஆனால் இடித்துக் கட்டும் வேலை ஓயாமல் நடப்பதற்கு விரிசலை அடைப்பது மட்டும் காரணம் இல்லை. நம் உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதமுள்ள சிறு பங்குதான் இரத்தத்திலும் தசையிலும் செல்களிலும் ஓடி உயிரை நடத்துகிறது. அந்தச் சிறு பங்கு கொஞ்சம் குறைந்தாலும் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறு அளவில் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உணர்ந்துவிடும். உடனே ஹார்மோன் புறப்படும்: சிறுநீரகமே, கால்சியத்தை வெளியே விடாதே, வைட்டமின் டி வழியாகக் குடலே, உணவிலிருந்து இன்னும் உறிஞ்சு, எலும்பே, கொடு. எலும்பு மெலிந்தாலும் மெலியட்டும், இரத்தம் குறையக் கூடாது என்பதுதான் உடலின் தீர்ப்பு.

பழைய வீடுகளில் நெல் சேமிக்கும் மண் குதிர் தனியாக நிற்கும், கூரையைத் தாங்கும் தூண் தனியாக நிற்கும். முதுகெலும்புள்ள விலங்கின் உடலில் இரண்டும் ஒன்றே. தூணையே குதிராகக் கட்டியிருக்கிறது இயற்கை. எடுத்துத் தின்ன நெல் வேண்டும். எடுத்தால் கூரை சாயக் கூடாது. எலும்பைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்திகளில் என்னை மிகவும் வியக்க வைப்பது இந்த ஏற்பாடுதான். வெவ்வேறு விலங்குகள் இந்த நெருக்கடியை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்தால் அந்த வியப்பு இன்னும் கூடுகிறது.

கோழியை எடுத்துக்கொள்வோம். பறவை எலும்பு உள்ளீடற்றது, ஆகவே லேசானது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பாதி உண்மை. பறவையின் பல எலும்புகளில் காற்று இருக்கிறது என்பது சரி. ஆனால் அந்த எலும்புச் சுவரின் பொருள் பாலூட்டிகளின் எலும்பைவிட அடர்த்தியானது. ஒரே எடையுள்ள பறவையையும் பாலூட்டியையும் ஒப்பிட்டால் எலும்புக்கூட்டின் எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. எலும்பைக் குறைத்துப் பறவை பறக்கவில்லை, உறுதியான எலும்பை மெல்லிய குழாயாக்கிப் பறக்கிறது. இப்படிச் சிக்கனமாகக் கட்டிய உடலிலிருந்துதான் பெட்டைக்கோழி ஒவ்வொரு முட்டைக்கும் ஓடு செய்ய ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் எடுத்தாக வேண்டும். அதன் உடலில் இருக்கும் மொத்தக் கால்சியத்தில் அது பத்தில் ஒரு பங்கு! ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது, அந்த நேரத்தில் கோழி தீனி எடுப்பதில்லை. தூணை அரித்தால் கால் ஒடியும். கோழி அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பே, கால் எலும்புகளின் உட்குழியில் தற்காலிகமாக ஒரு மென்மையான எலும்பை வளர்த்துக்கொள்கிறது. அது பாரம் தாங்க ஏற்பட்டதே இல்லை. இரவில் கரைத்துக் கொடுப்பதற்கும் பகலில் நிரப்பிக்கொள்வதற்கும் மட்டுமே இருப்பது. தூணுக்குள்ளேயே ஒரு சின்னக் குதிர்.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல்லையும் கலப்பது இதற்காகத்தான். அதைப் பொடியாக இல்லாமல் பெரிய துகள்களாகக் கொடுத்தால் இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரையும். எலும்பின் மேல் விழும் சுமை அந்த அளவு குறையும். கூண்டில் நகர இடமின்றி முட்டைமேல் முட்டை இடும் கோழிகளுக்கு எலும்பு நொய்ந்துபோய்க் கால் விழுவது உண்டு. முட்டை எடுப்பது அதிகம், நடை இல்லை. தூணும் குதிரும் ஒருசேர வறுமைப்படுகின்றன. அந்தக் கோழிகளைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

இந்தத் தற்காலிக எலும்பு மிகப் பழைய ஏற்பாடாகவும் இருக்கலாம். 2005இல் மேரி ஷ்வைட்சர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவினரும், மொன்டானாவில் கிடைத்த டைரனோசரஸ் ரெக்ஸ் ஒன்றின் தொடை எலும்புக்குள் அதே போன்ற திசுவைக் கண்டதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 6 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெண் டைனோசர் முட்டையிடும் பருவத்தில் இறந்திருக்கிறது என்று அதை வைத்துச் சொன்னார்கள்.

கோழி உட்புறம் கட்டுவதை ஆண்மான் வெளியே கட்டுகிறது. சென்னை கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் உண்டு. இரண்டின் தலையிலும் இருப்பதைத் தமிழில் கொம்பு என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு. வெளிமானின் முறுக்குக் கொம்பு வாழ்நாள் முழுதும் நிலைப்பது. உள்ளே எலும்பு, மேலே நகப்பொருளாலான உறை. புள்ளிமானின் கிளைக்கொம்பு முழுக்க எலும்பு. அது வளரும்போது வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும், தொட்டால் சூடாக இருக்கும், இரத்தம் பாயும். வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரிய, மான் மரத்தில் தேய்த்துக் கழிக்கும். பருவம் முடிந்தால் கொம்பே விழுந்துவிடும், மறுபடி புதிதாக முளைக்கும். பெரிய மான் இனங்களில் கொம்பு ஒரு நாளில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட வளர்வதுண்டு. இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு பாலூட்டிகளில் வேறில்லை. புல்லும் இலையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே மான் தன் விலா எலும்பிலிருந்து தாதுவைக் கடன் வாங்குகிறது. கொம்பு எழும் மாதங்களில் விலா மெலிகிறது, பிறகு நிரம்புகிறது. விழுந்த கொம்புகளை மான்களும் முள்ளம்பன்றிகளும் கடித்துத் தின்கின்றன. கொம்பு விழுந்தாலும் அதிலுள்ள சுண்ணாம்பும் பாஸ்பரஸும் காட்டில் வீணாவதில்லை.

பாலூட்டும் தாய்மார்களின் எலும்பிலும் இதே கடன் நடக்கிறது. ஆறு மாதம் பால் கொடுக்கும் பெண்ணின் முதுகெலும்பு, இடுப்பு ஆகியவற்றின் அடர்த்தி 3 முதல் 10 விழுக்காடு வரை குறையும். பால் மறக்கடித்த பின் பெரும்பாலோருக்கு அது திரும்பி ஏறிவிடுகிறது. மாதவிலக்கு நின்ற பின் ஏற்படும் இழப்பு இப்படித் தானாகத் திரும்புவதில்லை. இடிப்பவரைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் அப்போது குறைந்துவிடுகிறது.

இவற்றில் எது மூத்தது, தூணா குதிரா? எலும்பு முதலில் தோன்றியது உடம்புக்கு உள்ளே இல்லை. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலில் தாடையில்லாத மீன்கள் வாழ்ந்தன. அவற்றின் உடலுக்குள் பெரும்பாலும் குருத்தெலும்பு, வெளியே எலும்புக் கவசம். எதிரியிடமிருந்து காப்பாற்றவே கவசம் வந்தது என்றார்கள் சிலர். கடல்நீரில் அரிதாகக் கிடைக்கும் பாஸ்பேட்டைச் சேர்த்துவைக்கத்தான் எலும்பு பிறந்தது என்றார்கள் வேறு சிலர். 2021இல் பெர்லின் ஆய்வாளர்கள் அத்தகைய மீன் ஒன்றின் புதைபடிவத்தில் எலும்புச் செல்கள் குடியிருந்த நுண்குழிகளை முப்பரிமாணத்தில் படமெடுத்தார்கள். குழிகளைச் சுற்றித் தாது கரைத்தெடுக்கப்பட்ட சுவடு தெரிந்தது. அந்த மீன் கவசத்திலிருந்து கடன் வாங்கத் தெரிந்திருந்தது. சுறாக்கள் பிற்பாடு எலும்பைப் பெரிதும் கைவிட்டுக் குருத்தெலும்போடு காலம் தள்ளின. நம் முன்னோர்களான மீன்களோ எலும்பை உடலுக்குள்ளும் கொண்டுபோய் அதையே தூணாக்கின.

இப்போது தொழுவத்துக்குத் திரும்பலாம். அந்தப் பசுவின் குதிர் நிறைந்தே இருந்தது. திறப்பதற்குத்தான் நேரம் இல்லை. எலும்பைத் தின்னும் செல்களைத் திரட்டி வேலையில் இறக்க உடலுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வேண்டும். குடல் தன் உறிஞ்சும் திறனைக் கூட்டிக்கொள்ளவும் ஒரு நாளாவது ஆகும். சீம்பாலோ சில மணி நேரத்தில் மடியில் இறங்கிவிடுகிறது. கன்று ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் பால் வற்றியிருந்ததால் எலும்பிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னும் முக்கியமாக, சினை மாடு ஆயிற்றே என்று அக்கறையோடு அந்த நாட்களில் கால்சியம் நிறைந்த தீனியை அள்ளிக் கொடுத்திருந்தால், பாராதைராய்டு சுரப்பிகள் ஓய்ந்தே கிடந்திருக்கும். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் கூடுதல் கால்சியம் கொடுக்காதீர்கள் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதன் காரணம் அதுதான். கொஞ்சம் பற்றாக்குறை இருந்தால் சுரப்பி விழித்துக்கொள்ளும், செல்கள் முன்கூட்டியே களத்தில் இறங்கியிருக்கும். முதல் ஈற்றுக் கிடேரிக்குப் பால் காய்ச்சல் அபூர்வமாக வருவதும் இதனால்தான். அதன் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, இடிப்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். மூன்று நான்கு ஈற்று கண்ட, நிறையக் கறக்கும் பசுதான் விழுகிறது. ஜெர்சி இனத்தில் இது கூடுதல்.

ஊசியில் ஏற்றிய கால்சியம் சில மணி நேரத்துக்குத்தான். எலும்பு திறப்பதற்குள் அது தீர்ந்துபோனால் எழுந்த மாடு மறுநாள் மீண்டும் படுத்துவிடக்கூடும். ஆகவே மருத்துவர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்: கன்று குடிக்கிற அளவு குடிக்கட்டும், இன்றைக்கும் நாளைக்கும் மடியை ஒட்டக் கறந்துவிடாதீர்கள்.